வரிசை எண் நாற்பத்தொன்று

அரியலூர்ப் பக்கத்தில் கல்யாணத்துக்கு அடுத்தபடியாக அதிகம் பந்தல் போடுவது கருத்துக் கேட்புக் கூட்டங்களுக்குத்தான். ஒரு சிமெண்ட் கம்பெனி புதிதாகச் சுரங்கம் தோண்ட வேண்டும், அல்லது இருக்கிற சூளைக்குப் பக்கத்தில் இன்னொரு சூளை கட்ட வேண்டும் என்றால், சுற்றுவட்டார ஜனங்களைக் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்க வேண்டும் என்பது சட்டம். கேட்பார்கள். ஜனங்களும் சளைக்காமல் சொல்வார்கள். சொன்னதையெல்லாம் ஒருத்தர் எழுதிக்கொள்வார். அப்புறம் கம்பெனி எதைக் கட்ட நினைத்ததோ அதைக் கட்டும். எல்லாம் முறைப்படி நடக்கும், அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

அப்படி எழுதிக்கொள்கிறவள் மணிமொழி. சுற்றுச்சூழல் ஆபீஸில் ஏழு வருஷமாக ஒப்பந்தத் தட்டச்சு வேலை. குரும்பலூரில் பிறந்து மேலக்கொட்டாயில் வாழ்க்கைப்பட்டவள், முப்பத்திரண்டு வயது, பிள்ளை இல்லை. இதுவரை இருபத்தாறு கூட்டங்களுக்கு லேப்டாப்போடு போய் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். இருபத்தேழாவது கூட்டம் அவள் குடியிருக்கிற மேலக்கொட்டாயிலேயே வைத்தார்கள். கூட்டம் எந்தக் கம்பெனிக்காகவோ அந்தக் கம்பெனியில் வேலை பார்த்துத்தான் அவள் புருஷன் அறிவரசன் போன சித்திரையில் செத்துப்போனான்.

அவன் வேலை கரிமேட்டில். காரைக்கால் துறைமுகத்திலிருந்து ரயிலில் வருகிற நிலக்கரியைச் சூளைக்குப் போகும்வரை கொட்டி வைத்திருக்கும் மைதானம் அது. கத்திரி வெயிலில் கரி தானாகவே புகைய ஆரம்பிக்கும், விட்டால் பற்றிக்கொள்ளும். அதனால் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க அதன் மேல் தண்ணீர் அடிக்க ஆள் வேண்டும். அறிவரசன் ஆறு கோடை அந்த வேலையைப் பார்த்தான். கரியைக் குளிர வைக்கக் கம்பெனிக்கு அத்தனை அக்கறை. கரியைக் குளிர வைக்கிறவனைக் குளிர வைக்க வேண்டும் என்று அந்த ஆறு வருஷத்தில் யாருக்கும் தோன்றவில்லை, அறிவரசனுக்கும் தோன்றவில்லை.

அன்றைக்கு மத்தியானமே காலெல்லாம் இழுத்துப் பிடிக்கிறது என்று கூட இருந்தவர்களிடம் சொல்லியிருக்கிறான். மூணு மணிக்குக் குழாயோடு கீழே விழுந்தான். கம்பெனி ஜீப்பில் போட்டு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மணிமொழி ஆபீஸிலிருந்து ஓடினாள், மாமியார் பூமாலை ஊரிலிருந்து யார் வண்டியிலோ தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள். அப்போது அவனுக்கு உயிர் இருந்தது. உடம்பு தோசைக்கல்லாகக் கொதித்தது. வேர்வை என்பது ஒரு பொட்டு இல்லை. டாக்டர் அவன் இமையைத் திறந்து பார்த்துக்கொண்டே, "என்னம்மா ஆச்சு, எங்க விழுந்தாரு?" என்று கேட்டார்.

மணிமொழி சொன்னாள்: "காலையிலேருந்தே நெஞ்சு வலின்னாரு சார்."

அவன் அப்படிச் சொல்லவே இல்லை. காலையில் அவன் சொன்னதெல்லாம் சட்டினியில் உப்பு பத்தவில்லை என்பதுதான்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்றால், அதற்கு மேலக்கொட்டாய் காலனித் தெருவைப் பற்றித் தெரிய வேண்டும். வேலை செய்த இடத்தில் வெயிலில் சுருண்டு விழுந்தான் என்று சொன்னால் போலீஸ் வரும். போலீஸ் வந்தால் உடம்பை அறுப்பார்கள். அறுத்த உடம்பைத் தெருவுக்குள் கொண்டுவர அந்தத் தெருவில் விடமாட்டார்கள். தெரு முனையிலேயே இறக்கி, எண்ணெய் சீயக்காய் வைத்துக் குளிப்பாட்டாமல், வீட்டு வாசலில் கிடத்தாமல், அப்படியே சுடுகாட்டுக்குத் தூக்கிப் போவார்கள். செத்தவன் வீட்டுக்கு வராமலே போனால் அவன் ஆவி எங்கேயும் போய்ச் சேராது என்று ஒரு நம்பிக்கை. படித்தவர்களும் அதை மீறினதில்லை. அரைமணி நேரத்தில் அறிவரசன் போய்விட்டான். மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். உடம்பு முழுசாக வீட்டுக்கு வந்தது.

காகிதத்தில் ஒரு வார்த்தை ஏறிவிட்டால் அது எப்படிக் கல்லாகிவிடும் என்று ஊரில் மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். மணிமொழிக்குத் தெரியும், அவள் பிழைப்பே அதுதான். தெரிந்தும் சொன்னாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தானாகவே வாயில் வந்தது என்பதுதான் அவளுக்கு நினைவு. அதற்குப் பிறகு பதினோரு மாதமாக அவளுக்கு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. அழுகை முப்பதாம் நாளோடு நின்றுவிட்டது. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பது தெரிவதில்லை. ஆபீஸில் மட்டும் நல்ல பெயர் கூடிவிட்டது. முன்பெல்லாம் பக்கத்துக்கு நாலு பிழை விடுவாள். இப்போது பிழையே வருவதில்லை என்று சுரேஷ்குமார் சார் நாலு பேர் முன்னால் பாராட்டினார்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் மீன்சுருட்டியிலிருந்து வெற்றிச்செல்வி என்ற வக்கீல் பெண் ஸ்கூட்டியில் வந்து வீட்டில் இறங்கினாள். அரியலூரிலும் பக்கத்து மாவட்டத்திலும் வெயிலில் செத்தவர்களைத் தேடித் தேடி எழுதி வைத்திருக்கிறாள்.

"இருவத்திரெண்டு பேரு அக்கா. களையெடுத்தவங்க, கல்லு உடைச்சவங்க, லாரில தார்ப்பாய் கட்டுனவங்க. ஒருத்தர் காயிதத்துலயும் வெயில்னு இல்ல. எல்லாருக்கும் நெஞ்சு வலி," என்றாள். "கேட்டா, வெயில்ல யாருமே சாகலியேங்கறாங்க. கரி எரிக்கிறவன் எதுக்குக் கவலைப்படப்போறான்? இப்ப ரெண்டாவது சூளை கட்டப்போறாங்க. கருத்துக் கேட்புல யாரு பேசுனாலும் எழுதியே ஆவணும். எழுதுனதுக்குக் கம்பெனி பதில் சொல்லியே ஆவணும். அது டெல்லி வரைக்கும் போவும். அண்ணன் எப்படிச் செத்தாருன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா, மொதத் தடவையா ஒரு காயிதத்துல ஏறும்."

"நான் பேசக் கூடாது. ஆபீஸ் ஆளு," என்றாள் மணிமொழி.

"அப்ப உங்க அத்தை பேசட்டும்."

பூமாலை கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்து நாலு வயது, இன்னமும் நாளைக்கு ஒரு மூட்டை கடலை உடைத்துப் போடுகிற கை. நிமிராமலே, "பார்ப்போம் பாப்பா," என்றாள்.

இரண்டு நாள் கழித்துக் கம்பெனியின் சுற்றுச்சூழல் மேனேஜர் பிரேம்குமார் காரில் வந்தார். நல்ல மனுஷர், செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். புதுச் சூளை வந்தால் ஆள் தேவைப்படும், சின்ன மகன் மதுரைவீரனை நிரந்தரமாகவே எடுத்துக்கொள்ளலாம், கூட்டத்துக்கு வந்து ரெண்டு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்றார். பூமாலை அவருக்கும் அதே கடலையை உடைத்துக்கொண்டே அதே பதிலைச் சொன்னாள். "பார்ப்போங்க சார்."

மணிமொழி இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அத்தை எதைப் பார்க்கப்போகிறாள் என்று கேட்கவில்லை. அறிவரசன் எப்படிச் செத்தான் என்று உலகத்தில் எங்கேயாவது ஒரு இடத்தில் சரியாக எழுதியிருக்க வேண்டும், அது தன் கையாலேயே நடந்துவிட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. பதினோரு மாதத்தில் அவளுக்கு வந்த ஒரே ஆசை அது. ஆனால் அதையும் பொங்கி வருகிற ஆசை என்று சொல்ல முடியாது. ரேஷன் கார்டில் பெயரைத் திருத்த வேண்டும் என்று நினைப்பது போல நினைத்துக்கொண்டாள்.

பங்குனி மாதம், காலை பத்தரை மணி. அதற்குள்ளேயே தகரப் பந்தல் காய்ந்துவிட்டது. நானூறு பிளாஸ்டிக் நாற்காலி. பின்பக்கம் இன்னொரு பந்தலில் பிரியாணி வெந்துகொண்டிருந்தது, வாசனை மேடை வரைக்கும் வந்தது. கம்பெனி வேனில் வருகிறவர்களுக்கு இறங்கும்போதே ஆளுக்கொரு மஞ்சள் டோக்கன் கொடுத்தார்கள். மூன்றாவது வேனிலிருந்து பூமாலை இறங்கினாள். வீட்டிலிருந்து பந்தல் நடக்கிற தூரம்தான், இருந்தும் வேனில் வந்தாள். டோக்கனை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். மணிமொழி பார்த்துவிட்டு, லேப்டாப்பில் பெயர், ஊர், கருத்து, நிறுவனத்தின் பதில், ஆதரவா எதிர்ப்பா என்று ஐந்து கட்டம் போட்டு வைத்தாள்.

மேடையில் பெரிய அதிகாரி நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மணிமொழியின் மேலதிகாரி சுரேஷ்குமார் சார். அவருக்கு அந்தப் பக்கம் பிரேம்குமார். முதலில் பேசிய பதினாறு பேரில் பதினைந்து பேர் வேனில் வந்தவர்கள். ஒரே கையெழுத்தில் எழுதின சீட்டைப் பார்த்துப் படித்தார்கள். வேலை வாய்ப்பு, கோயில் திருப்பணி, பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர். மணிமொழி எழுதினாள்.

பதினேழாவதாக வெற்றிச்செல்வி மைக்கைப் பிடித்தாள்.

"சுண்ணாம்புக் கல்லச் சுட்டா கல்லுக்குள்ள இருந்தே கரியமில வாயு வருது சார். சுடறதுக்கு எரிக்கிற நிலக்கரியில இருந்தும் வருது. இப்ப இன்னொரு சூளைங்கறீங்க. கரி ரெட்டிப்பாகும்னு உங்க அறிக்கையிலயே இருக்கு. இதனால ஏறுற சூட்டுக்கு யாரு பொறுப்புன்னு ஒரு பக்கத்துலயும் இல்ல. அத மட்டும் சொல்லுங்க."

பிரேம்குமாருக்கு இது புதுக் கேள்வி இல்லை. "நல்ல கேள்விங்க மேடம். உலகம் முழுக்க வர்ற புகையில எங்க ஆலையோட பங்க எழுதணும்னா புள்ளி வெச்சு அதுக்கப்புறம் எத்தன பூஜ்யம் போடணும்னு எங்களுக்கே தெரியல. அமெரிக்காவும் ஐரோப்பாவும் இருநூறு வருஷமா எரிச்சதுக்கு மேலக்கொட்டாய் பதில் சொல்ல முடியுமா? தலைக்கு எவ்வளவுன்னு பார்த்தா நாம அமெரிக்காக்காரன்ல கால்வாசி கூட இல்ல. நமக்கு வூடு வேணாமா, ரோடு வேணாமா? 2070க்குள்ள கரியமில வாயுவ நிகர பூஜ்யமாக்கிடுவோம்னு அரசாங்கம் சொல்லியிருக்கு. கம்பெனி அதுக்குக் கட்டுப்படும்."

"2070ல இங்க யாரு சார் இருக்கப்போறா?" என்று பின்னாலிருந்து ஒரு விவசாயி கேட்டார். நாலு பேர் சிரித்தார்கள்.

வெற்றிச்செல்வி விடவில்லை. "அமெரிக்காக்காரன் செஞ்சது தப்புதான் சார். நானும் அதத்தான் சொல்றேன். ஆனா அவன் வந்து கரிமேட்டுல நின்னு தண்ணி அடிக்கலியே. அதுக்கு மேலக்கொட்டாய்க்காரன்தானே நின்னான்?"

"திட்டம் சம்பந்தமா மட்டும் பேசுங்கம்மா," என்றார் சுரேஷ்குமார் சார். "உலக வெப்பமெல்லாம் டெல்லியில பேச வேண்டிய விஷயம்."

டெல்லியில் கேட்டால் அதை உலக மாநாட்டில் பேச வேண்டும் என்பார்கள். உலக மாநாட்டில் கேட்டால் அது அந்தந்த நாட்டின் பொறுப்பு என்பார்கள். அந்தந்த நாடு என்பது மறுபடியும் மேலக்கொட்டாய்க்கே வந்து நிற்கும். கூட்டமான பஸ்ஸில் சில்லறையைக் கைமாற்றி அனுப்புவார்களே, அப்படிப் போய்க்கொண்டே இருக்கிறது, வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. இதில் எரிச்சல் என்னவென்றால் ஒருத்தரும் பொய் சொல்லவில்லை. பிரேம்குமார் சொன்னது நிஜம். வெற்றிச்செல்வி சொன்னதும் நிஜம். வீடு வேண்டும்தான், ரோடு வேண்டும்தான். மணிமொழி எல்லா நிஜத்தையும் கட்டம் தவறாமல் எழுதினாள். அந்தப் பந்தலில் பொய் சொன்ன ஆள் என்று பார்த்தால் தான் ஒருத்திதான் என்று அவளுக்குத் தோன்றியது. தன் பங்கு எவ்வளவு என்று புள்ளி வைக்காமல் முழுசாகத் தெரிந்தவளும் அவள்தான்.

ஒன்றரை மணிக்கு நாற்பத்தொன்றாவது ஆளாகப் பூமாலையைக் கூப்பிட்டார்கள். அவள் கையில் சீட்டு எதுவும் இல்லை. மைக் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்று தெரியாமல் வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டாள்.

"எம் பேரு பூமாலை. காலனித் தெருவு. எனக்கு ரெண்டு பசங்க. பெரியவன் அறிவரசன் இந்தக் கம்பெனியிலதான் கரிமேட்டுல இருந்தான். போன சித்திரையில நெஞ்சு வலியில போயிட்டான். அதுக்குக் கம்பெனி என்ன பண்ணும். வண்டி வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்தாங்க. சின்னவனுக்கு வேலை தரேன்னிருக்காங்க. சூளை வரட்டுங்க. அவ்ளோதான்."

வெற்றிச்செல்வி திரும்பி மணிமொழியைப் பார்த்தாள். மணிமொழி திரையைப் பார்த்தாள். வரிசை எண் 41. பூமாலை, மேலக்கொட்டாய். தனது மூத்த மகன் திரு. அறிவரசன் நெஞ்சு வலியால் இறந்ததாகவும், அதில் நிறுவனத்தின் மீது குறை ஏதுமில்லை எனவும் தெரிவித்தார். நிறுவனத்தின் பதில்: தேவையில்லை. ஆதரவு. ஒரு புள்ளி கூடத் தவறவில்லை. தான் ஆஸ்பத்திரியில் சொன்ன வார்த்தை சுற்றிக்கொண்டு தன்னிடமே எழுத வந்திருக்கிறது என்று நினைத்தாள். கோபம் வர வேண்டிய இடம் இது என்றும் தெரிந்தது. வரவில்லை. அத்தை மேல் கோபப்பட அவளுக்கு என்ன யோக்கியதை? வெற்றிச்செல்வி பையை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டி பக்கம் போனாள். அடுத்த ஆள் ரோட்டில் வேகத்தடை கேட்டார்.

இரண்டு மணிக்கு நாற்பத்தெட்டுப் பேர் பேசி முடித்தார்கள். சட்டத்தில் இன்னொரு விதி உண்டு. யார் யார் என்ன சொன்னார்கள் என்று எழுதினதைக் கூட்டம் கலையும் முன்னால் ஜனங்களுக்கு அவர்கள் மொழியில் படித்துக் காட்ட வேண்டும், திருத்தம் இருந்தால் கேட்டுத் திருத்த வேண்டும். விதி போட்டவர்கள் பிரியாணியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பேச்சு முடிந்த ஐந்து நிமிஷத்தில் நானூறு நாற்காலியும் ஏறக்குறைய காலி. இருபத்தாறு கூட்டத்திலும் மணிமொழி காலி நாற்காலிகளுக்குத்தான் படித்திருக்கிறாள். ஒரு வீடியோக்காரர் மட்டும் நின்று படம் எடுப்பார். படித்ததற்கு அதுதான் சாட்சி.

"வேகமா படிச்சிடும்மா," என்றார் சுரேஷ்குமார் சார். பெரிய அதிகாரி கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணிமொழி மைக்கை இழுத்து வைத்துப் படிக்க ஆரம்பித்தாள். பின்பந்தலில் இலை போடுகிற சத்தமும் அவள் குரலும் கலந்து கேட்டது. அவள் குரலில் ஏற்ற இறக்கம் இருக்காது. வரிசை எண் ஒன்று, வரிசை எண் இரண்டு என்று ரயில் அறிவிப்பு மாதிரி போய்க்கொண்டிருந்தது.

நாற்பத்தொன்றைப் படிக்கும்போதும் குரல் மாறவில்லை. "மூத்த மகன் திரு. அறிவரசன் நெஞ்சு வலியால் இறந்ததாகவும்..."

"மணி, நிறுத்து."

கடைசி வரிசையில் பூமாலை இருந்தாள். சாப்பிடப் போகவில்லை, மருமகளோடு சேர்ந்து போகலாம் என்று உட்கார்ந்திருந்தாள். இப்போது எழுந்து நாற்காலிகளை ஒதுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அது அப்படி இல்லீங்க," என்றாள் மேடையைப் பார்த்து.

"எதும்மா?" என்றார் சுரேஷ்குமார் சார்.

"நெஞ்சு வலின்னு இருக்கே, அது."

"நீங்கதானம்மா சொன்னீங்க. வீடியோவுலயே இருக்கு."

"நான்தாங்க சொன்னேன். எனக்கு முன்னால ஆஸ்பத்திரியில இவ சொன்னா. ஆனா இவளா சொல்லல. டாக்டரு கேட்டப்ப இவ கையப் புடிச்சு நான்தான் இறுக்கினேன். அறுக்கச் சொல்லிடுவாங்களோன்னு. நெஞ்சு வலின்னு சொல்லுன்னு இவ காதுல சொன்னதே நான்தான். அது எம் மேலதான் சார். இவ மேல இல்ல."

மணிமொழிக்கு அந்தப் பிடி இப்போதுதான் ஞாபகம் வந்தது. கடலை உடைக்கிற கை, வளையல் உடைகிற மாதிரி இறுக்கிப் பிடித்தது. காதில் மூச்சுச் சூடு. பதினோரு மாதமாக அது எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. அந்தப் பந்தலில் காலையிலிருந்து நாற்பத்தெட்டுப் பேர் பேசியும், மேடையில் மூன்று பேர் பதில் சொல்லியும், எம் மேலதான் என்று சொன்ன முதல் ஆள் பூமாலை. மணிமொழிக்கு அழ வேண்டும் போல இருந்தது. அழுகை பாதி வழி வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

"அவன் நெஞ்சுல கையே வெக்கலீங்க," என்றாள் பூமாலை. "தொட முடியாத சூடு. வெயில்லதான் செத்தான். கரிமேட்டுல, மூணு மணிக்கு விழுந்தான். அத எழுதிக்குங்க."

சுரேஷ்குமார் சார் வீடியோக்காரரைப் பார்த்தார். படம் ஓடிக்கொண்டிருந்தது. இனி விதிப்படிதான் போக வேண்டும். "அப்ப நீங்க எதிர்ப்பாம்மா? ஆதரவுன்னு போட்டிருக்கே."

"சின்னவனுக்கு வேலை வேணுங்களே."

"ரெண்டும் போட முடியாது. கட்டத்துல ஆதரவு, இல்லன்னா எதிர்ப்பு. ஏதாவது ஒண்ணு சொல்லணும்." அவர் பூமாலையிடம் பேசி ஆகாது என்று மணிமொழி பக்கம் திரும்பினார். "நீயே உங்க அத்தைகிட்ட கேட்டுச் சொல்லும்மா."

மணிமொழி விசைகளின் மேல் விரலை வைத்துக்கொண்டு மற்ற எல்லாரிடமும் கேட்கிற குரலிலேயே கேட்டாள். "என்ன போடட்டும் அத்தை?"

"வெயில்ல செத்தான்னு போடு. ஆதரவுன்னும் போடு. ரெண்டும் நெசந்தான."

இதற்குள் பிரேம்குமார் சாப்பாட்டைப் பாதியில் விட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்திருந்தார். திரையை எட்டிப் பார்த்தார். சுரேஷ்குமார் சார் காதில் ஏதோ சொன்னார். அப்புறம் அவரே, "போடட்டும் சார். ஆதரவு எண்ணிக்கை மாறலல்ல, அப்புறம் என்ன," என்றார்.

மணிமொழி முதல் வரியை அழித்தாள். தனது மூத்த மகன் திரு. அறிவரசன் நிறுவனத்தின் கரிமேட்டில் பணியின்போது பிற்பகல் மூன்று மணிக்குக் கடும் வெயிலால் சுருண்டு விழுந்து இறந்ததாகத் தெரிவித்தார். எழுதியாயிற்று. உலகத்தில் ஒரு இடத்தில் அது சரியாக ஏறிவிட்டது. அது ஏறினால் என்ன ஆகும் என்று அவள் நினைத்திருந்தாளோ, அது ஒன்றும் ஆகவில்லை. பின்பந்தலில் யாரோ இரண்டாம் முறை குழம்பு கேட்டார்கள்.

"கருத்து மாறினா பதிலும் மாறணும்," என்றார் சுரேஷ்குமார் சார். "தேவையில்லைன்னு விட முடியாது. ஒரு சாவு வந்திருக்கு. ஏதாவது சொல்லுங்க பிரேம்குமார்."

பிரேம்குமார் நின்றபடியே சொன்னார். இதற்கும் அவரிடம் தயாராக ஒரு வாக்கியம் இருந்தது. "போட்டுக்குங்கம்மா. நிர்வாகம் தனது ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறது. கோடைக் காலத்தில் கரிமேட்டுப் பணியாளர்கள் அனைவருக்கும் நீர்மோர் வழங்கப்படும்."

மணிமொழி அடித்தாள். அடித்துவிட்டு நிமிர்ந்தாள். "எத்தன மணிக்குன்னு போடட்டும் சார்? மணி போடலன்னா டெல்லியில திருப்பி அனுப்புவாங்க."

"பதினொரு மணின்னு போடுங்க."

அதையும் அடித்தாள். விரல் அங்கேயே நின்றது. மதுரைவீரனுக்கு இருபத்து நாலு வயது. நிரந்தரம் என்றாலும் முதல் இரண்டு வருஷம் கரிமேட்டில்தான் போடுவார்கள், எல்லாரையும் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். சித்திரை பிறக்க இருபது நாள் இருக்கிறது.

"மூணு மணிக்கும் ஒரு தடவைன்னு சேர்த்துக்கலாமா சார்?"

பிரேம்குமார் அவளைப் பார்த்தார். அவள் யார் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்த மாதிரி இருந்தது. வீட்டுக்குள் வந்தபோது மூலையில் நின்ற பெண். "சேர்த்துக்குங்க," என்றார் மெதுவாக. "சேர்த்துக்குங்கம்மா."

திருத்தினதைத் திரும்பவும் படிக்க வேண்டும் என்பதும் விதி. மணிமொழி படித்தாள். மகன் வெயிலால் இறந்தது, வருத்தம், நீர்மோர், பதினொரு மணி, மூன்று மணி, ஆதரவு. வீடியோக்காரர் எடுத்துக்கொண்டார். ஆட்சேபணை உண்டா என்று சுரேஷ்குமார் சார் காலி நாற்காலிகளைக் கேட்டார்.

பூமாலை மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று தாழ்ந்த குரலில், "என்னடி எழுதின, பாதி வெளங்கல," என்றாள்.

"மூணு மணிக்கு மோர் குடுப்பாங்களாம் அத்தை."

"சின்னவன் மோர் குடிக்க மாட்டானே."

"சொல்லிக் குடிக்க வெக்கணும் அத்தை," என்று சொல்லிவிட்டு மணிமொழி நாற்பத்திரண்டைப் படிக்க ஆரம்பித்தாள்.